வெயிலோடு ஓடும் குளத்து மோட்டார், வெயிலை மட்டும் நம்பாத ஏ.சி.

பொள்ளாச்சிக்கும் ஆனைமலைக்கும் இடையே தென்னந்தோப்புக்குள் என் மாமாவின் தோட்டத்து வீடு இருக்கிறது. பேரப்பிள்ளைகளுக்காக அவர் கட்டிய சிறிய நீச்சல் குளமும், கான்கிரீட் கூரைக்குக் கீழே ஒன்றரை டன் இன்வெர்ட்டர் ஏ.சி. பொருத்திய ஓர் அறையும் அங்கே உண்டு. இவை இரண்டையும் பகலில் வெயிலைக் கொண்டே ஓட்டித் தரும்படி மாமா கேட்டார். சுவர் நீளத்துக்குப் பேட்டரி அடுக்கக் கூடாது என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. ஏற்கெனவே அமில பேட்டரிகளை வாங்கி, தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பார்த்து, கடைசியில் பழைய இரும்புக்காரரிடம் எடை போட்டவர் அவர்.

மின்வாரிய இணைப்போடு சேர்ந்து இயங்கும் கூரை சோலாரை ஏன் போடவில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரத்தில் வீடு இருந்தால் அதைத்தான் பரிந்துரைப்பேன். 2024இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியமும் கிடைக்கிறது. ஆனால் அந்த வகை இன்வெர்ட்டர், மின்கம்பியில் மின்சாரம் நின்ற நொடியே தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்க அது அப்படித்தான் நிற்க வேண்டும். மாமாவின் வீடோ மின்மாற்றியிலிருந்து வெகுதூரத்தில், கம்பியின் கடைசியில் இருக்கிறது. தென்னை மட்டை ஒன்று கம்பியில் விழுந்தால் அரைநாள் மின்சாரம் வராது. நல்ல வெயில் நாளில் கூரை முழுக்கப் பேனல் இருந்தும் ஏ.சி. நின்று கிடப்பதை அவரால் ஏற்க முடியாது, என்னாலும் முடியாது.

இந்த ஊரில் வேலையைத் தொடங்குபவர் நண்பகல் வெயிலைக் கணக்குப் போட்டால் போதாது, மேகத்தையும் கணக்குப் போட வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று மேகத் துண்டுகளை ஓட்டிக்கொண்டே இருக்கும். முழு வெயிலில் இருக்கும் பேனலின் மேல் ஒரு மேகம் வந்தால், சில நொடிகளில் அதன் திறன் ஐந்தில் ஒரு பங்காகச் சரிந்துவிடும். அடுத்த நிமிடமே பழையபடி ஏறும். அந்தச் சரிவைத் தாங்கும் இயந்திரத்தைப் பேனலோடு நேரடியாகக் கட்டலாம். தாங்காத இயந்திரத்துக்கு நடுவே ஒரு தாங்கல் வேண்டும். குளத்து மோட்டாரையும் ஏ.சி.யையும் ஒரே இன்வெர்ட்டரில் கோத்துவிடாமல் தனித்தனிப் பாதையாகப் பிரித்ததற்கு இதுதான் காரணம்.

குளத்து மோட்டாரை முதலில் எடுத்துக்கொண்டேன். குளம் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.3 மீட்டர் ஆழம். கொள்ளளவு சுமார் 42,000 லிட்டர். ஒரு எச்.பி. மோட்டார் மணிக்கு 14,000 லிட்டர் அளவில் மணல் வடிகட்டி வழியாகத் தண்ணீரைச் சுற்றிவிடும். நாளுக்கு ஒரு முறை குளத்துத் தண்ணீர் முழுவதும் வடிகட்டியைக் கடந்தால் போதும். அதாவது முழு வேகத்தில் 3 மணி நேரம்.

ஆனால் முழு வேகத்தில் ஓட்ட வேண்டிய அவசியமே இல்லை. குளத்து மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுவதில்லை. குளத்திலிருந்து எடுத்த தண்ணீரைக் குளத்துக்கே திருப்பி அனுப்புகிறது. குழாயிலும் மணலிலும் ஏற்படும் உராய்வை வெல்வதுதான் அதன் வேலை முழுவதும். இப்படிப்பட்ட பம்பின் வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீரும் பாதியாகும், அழுத்தம் கால் பங்காகும், தேவைப்படும் திறனோ எட்டில் ஒரு பங்காகக் குறையும். முழு வேகத்தில் 1,100 வாட் இழுத்த மோட்டார், பாதி வேகத்தில் தன் சொந்த இழப்புகளையும் சேர்த்து 200 வாட் அளவில்தான் இழுத்தது. 3 மணி நேரத்தில் 3.3 யூனிட் தின்ற வேலை, 6 மணி நேரத்தில் 1.2 யூனிட்டில் முடிகிறது. குளத்து மோட்டாருக்கென்று 2,750 வாட் பேனல் இருக்கும் கூரையில், வானம் முழுக்க மூடியிருந்தாலும் அந்த 200 வாட் கிடைத்துவிடும். சோலாருக்கென்றே பிறந்த இயந்திரம் என்று இதைத் தயங்காமல் சொல்வேன்.

இதே கணக்கை நம்பி ஆழ்துளைக் கிணற்று மோட்டாரையும் கட்டலாமா என்று மாமா கேட்டார். கூடாது. அங்கே தண்ணீரைப் பல நூறு அடி ஏற்ற வேண்டும். வேகம் பாதியானால் பம்பு ஏற்றக்கூடிய உயரம் கால் பங்காகிவிடும். மோட்டார் சுற்றும், மின்சாரம் தின்னும், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. தண்ணீர் ஓடாவிட்டால் மோட்டார் குளிராது. அடியில் தண்ணீரையே எண்ணெயாகக் கொண்டு சுழலும் தாங்கியும் (பேரிங்) தேய்ந்துபோகும். முழு வேகம் 50 ஹெர்ட்ஸ் என்றால், 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே சப்மெர்சிபிள் மோட்டாரை ஓட்டக் கூடாது என்பது அதனால்தான். கிணற்று மோட்டாரை வெயிலில் ஓட்டுபவர்கள் அதற்கென்று பெரிய பேனல் வரிசை போட்டு, காலை 9 மணிக்கு மேல்தான் தண்ணீரை எதிர்பார்க்க வேண்டும். எங்கள் கிணற்று மோட்டாரை மின்வாரியத்திடமே விட்டுவிட்டோம்.

குளத்தில் முன்பு இருந்தது மின்தேக்கி வைத்துத் தொடங்கும் ஒற்றை முனை மோட்டார். வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. கருவிக்கு அது ஒத்துவராது. மும்முனை மோட்டாருக்கு மாற்றினேன். இந்தச் சிறிய மோட்டார்களைத் தொழிற்சாலையிலிருந்து 415 வோல்ட்டுக்கு, ஸ்டார் இணைப்பில்தான் அனுப்புகிறார்கள். முனைப்பெட்டியின் மூடியைக் கழற்றினால் இரண்டு வரிசையில் ஆறு முனைகள் தெரியும். ஒரு வரிசையின் மூன்று முனைகளையும் பித்தளைத் தகடுகள் குறுக்கே சேர்த்திருக்கும். அவற்றைக் கழற்றி, மேல் முனையையும் கீழ் முனையையும் சேர்த்து மூன்றையும் நெடுக்காகப் போட்டால் டெல்டா இணைப்பு. இப்போது அதே மோட்டார் 240 வோல்ட் மும்முனையில் ஓடும். மூடியின் உட்புறத்திலேயே இரண்டு படங்களும் அச்சிட்டிருந்தன. ஆறு முனையும் வெளியே வந்திருக்கிறதா என்று வாங்கும்போதே மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். சில மோட்டார்களில் மூன்று மட்டுமே வரும்.

டெல்டாவுக்கு மாற்றியதால் பேனல் வரிசையின் வோல்ட்டேஜ் கைக்கு அடங்கியது. கூரையில் 250 வாட் பேனல்கள் 12 ஏற்கெனவே இருந்தன. ஒவ்வொன்றும் வேலை செய்யும்போது 30.5 வோல்ட், சுமையில்லாதபோது 37.5 வோல்ட். வி.எஃப்.டி. தாங்கும் உச்ச வரம்பு 440 வோல்ட். பன்னிரண்டையும் தொடராகக் கோத்தால் சுமையில்லாமல் 450 வரும், வரம்பைத் தாண்டிவிடும். 11 கோத்தால் 412 வோல்ட். மார்கழிக் காலைக் குளிரில் இது இன்னும் 10, 15 வோல்ட் கூடும், அப்போதும் பத்திரம். உச்சி வெயிலில் பேனல் 65 டிகிரிக்குச் சூடேறும்போது வேலை செய்யும் வோல்ட்டேஜ் 335இலிருந்து 275 அளவுக்கு இறங்கும். அதை வைத்து மோட்டாருக்கு 194 வோல்ட் தரலாம், அதாவது 40 ஹெர்ட்ஸ் வரை முழு முறுக்கோடு ஓட்டலாம். இந்தக் குளத்துக்கு 40 ஹெர்ட்ஸே மிகுதி. எந்தப் பேனலை ஒதுக்குவது என்பதில் குழப்பமே இல்லை. காலை எட்டரைக்குத் தென்னை மட்டையின் நிழல் மேற்கு ஓரப் பேனலில் வரிவரியாக விழுந்துகொண்டிருந்தது. நிழல் விழுந்த பகுதியை விட்டு மின்சாரத்தைச் சுற்றி அனுப்பும் பைபாஸ் டையோடு, பேனலுக்குள் 20 செல்லுக்கு ஒன்று வீதம் மூன்று உண்டு. ஒரு செல்லை நிழல் மூடினாலும் அந்த இருபதும் போய்விடும். ஓலை நிழல் மூன்று பகுதியிலும் விழுந்தால் பேனலே இல்லாத மாதிரிதான்.

பழைய இணைப்புப் பெட்டியைத் திறந்தபோது எனக்குக் கோபம் வந்தது. முன்பு வேலை செய்தவர் பேனலிலிருந்து வரும் நேர்திசை (டி.சி.) மின்சாரத்துக்கு, வீட்டு விளக்குக்குப் போடும் சாதாரண எம்.சி.பி. துண்டிப்பானை மாட்டியிருந்தார். அதன் வலது பக்க பிளாஸ்டிக் உருகி, பழுப்பு நிறத்தில் வழிந்து, கீழே இருந்த கம்பியின் உறையோடு ஒட்டியிருந்தது. வீட்டு மின்சாரம் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், சுவிட்சைப் பிரிக்கும்போது எழும் பொறி தானாகவே அணைந்துவிடும். பேனலின் மின்சாரம் பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பொறி எழுந்தால் நீண்டு நின்று எரியும். அதற்கென்று செய்த டி.சி. துண்டிப்பான்தான் வேண்டும். அதிலும் கூட்டல், கழித்தல் குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். இதற்கும் அதற்கும் விலை வித்தியாசம் பெரிதில்லை. ஒரு வீட்டின் கூரைக்குக் கீழே தீயை வைத்துவிட்டுப் போகிற அளவுக்கு அந்தச் சில நூறு ரூபாய் முக்கியமா?

குளம் என்பதால் இன்னொரு வேலையையும் விடவில்லை. மோட்டாரின் உடல், வி.எஃப்.டி. பெட்டி, குளத்தின் இரும்பு ஏணி, பேனல் சட்டங்கள் எல்லாவற்றையும் ஒரே செம்புக் கம்பியில் இணைத்துப் புவித்தொடர்பு கொடுத்தேன். ஏணிக்கும் மோட்டாருக்கும் இடையே வோல்ட்டேஜ் வேறுபாடே வராதபடி செய்வது இதன் நோக்கம். வி.எஃப்.டி.யிலிருந்து எப்போதும் சிறிது கசிவு மின்சாரம் இருக்கும், பேனல் பக்கத்திலோ வீட்டில் இருக்கும் கசிவுத் துண்டிப்பான் எதையும் கண்டுகொள்ளாது. பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது மோட்டார் நிற்க வேண்டும் என்று குளத்து வாசலிலேயே ஒரு துண்டிப்பானும் வைத்தேன். அத்தை அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

வி.எஃப்.டி.யைப் பழக்குவதற்குத்தான் பொறுமை தேவைப்பட்டது. பொழுது விடிந்ததும் பேனல் வரிசை ஏறக்குறைய முழு வோல்ட்டேஜையும் காட்டிவிடும். ஆனால் பின்னால் ஆம்பியர் இருக்காது. அதை நம்பி மோட்டார் கிளம்பும், வோல்ட்டேஜ் சரியும், நிற்கும், மறுபடி கிளம்பும். விழித்தெழுவதற்கு முன் ஒரு நிமிடக் காத்திருப்பும், 15 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் உறக்கமும் வைத்ததும் அது அடங்கியது. அடுத்தது மேகம். தொழிற்சாலை அமைப்பில் வேகம் ஏறவும் இறங்கவும் ஒரே அளவு நேரம் கொடுத்திருந்தார்கள். மேகம் வந்ததும் வேகத்தை உடனே குறைக்காவிட்டால் உள்ளே வோல்ட்டேஜ் கவிழ்ந்து, பிழை எண் காட்டி நின்றுவிடும். வேகம் ஏறுவதற்கு 30 நொடி, இறங்குவதற்கு 3 நொடி என்று மாற்றினேன். பேனல் அதிகத் திறன் தரும் வோல்ட்டேஜைத் தானாகவே தேடும் முறை, மேகம் ஓடும்போது 40 ஹெர்ட்ஸுக்கும் 20 ஹெர்ட்ஸுக்கும் இடையே ஊசலாடிக்கொண்டே இருந்தது. அதை நிறுத்தி, 275 வோல்ட்டை நிலையாகப் பிடித்துக்கொள் என்று எண்ணைக் கொடுத்ததும் மோட்டாரின் ஓசையே சீராகிவிட்டது. பேனல் திறனில் கொஞ்சம் வீணாகும். எங்களுக்கு அது தேவையும் இல்லை.

வடிகட்டியின் மேலிருக்கும் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. 50 ஹெர்ட்ஸில் 1 கிலோ காட்டிய முள், 25 ஹெர்ட்ஸில் கால் கிலோவுக்கு வந்து நின்றது. பாடப்புத்தகத்தில் படித்த வர்க்க விதியை ஒரு பித்தளை முள் அப்படியே காட்டியது. மெதுவாக ஓடும் தண்ணீரில் மணல் அழுக்கை நன்றாகப் பிடிக்கிறது என்பதும் உண்மை. மணலைத் திருப்பிக் கழுவுவதற்கு மட்டும் மெதுவான வேகம் உதவாது, மணல் படுக்கை மேலெழுந்து புரள வேண்டும். அன்றைக்கு மட்டும் வி.எஃப்.டி.யை மின்வாரிய இணைப்புக்கு மாற்றி முழு வேகத்தில் சில நிமிடங்கள் ஓட்டுகிறார் மாமா.

ஏ.சி.யின் கதை வேறு. இன்வெர்ட்டர் ஏ.சி.க்குள் வீட்டு மின்சாரம் முதலில் நேர்திசையாகத்தான் மாறுகிறது என்பதால், வெளிப்புற அலகைத் திறந்து அந்த இடத்திலேயே பேனல் கம்பியைக் கொடுத்து ஓட்டிக் காட்டும் காணொளிகள் சுற்றுகின்றன. மாமாவும் ஒன்றைக் காட்டி, இதைச் செய்யலாமே மாப்பிள்ளை என்றார். நான் ஒப்பவில்லை. கம்ப்ரஸர் நிற்கும் நேரத்தில் பேனல் தன் முழு வோல்ட்டேஜுக்கு ஏறும். ஏ.சி.யின் மின்சுற்றுப் பலகையிலிருக்கும் மின்தேக்கியின் வரம்பு பெரும்பாலும் 400 அல்லது 450 வோல்ட்தான். கம்ப்ரஸர் கேட்கும் அளவுக்குப் பேனல் தர முடியாத நொடியில் மொத்தமும் கவிழும். உத்தரவாதம் போவது இருக்கட்டும். பழுது பார்க்க வரும் பையன், மெயினை அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கையை வைத்தால் என்ன ஆகும்? வெயிலுக்கு மெயின் சுவிட்ச் இல்லை. நேரடியாகப் பேனலை ஏற்கும்படி தொழிற்சாலையிலேயே வடிவமைத்த ஏ.சி.கள் உண்டு. புதிதாக வாங்குபவர் அவற்றைப் பார்க்கலாம். இருக்கும் ஏ.சி.யை அப்படி மாற்றக் கூடாது.

பேட்டரியே இல்லாமல் ஓட்டும் இன்வெர்ட்டரும் இங்கே உதவாது. மேகம் வந்து மின்சாரம் அறுந்தால், கம்ப்ரஸர் மறுபடி கிளம்ப 3 நிமிடம் காத்திருக்கும். உள்ளே அழுத்தம் சமனாவதற்கான அந்த 3 நிமிடம் முடிவதற்குள் அடுத்த மேகம் வந்துவிடும். ஆடி மாதத்தில் அறை குளிரவே குளிராது.

540 வாட் பேனல்கள் 6 புதிதாக வாங்கித் தொடராகக் கோத்தோம். மொத்தம் 3,240 வாட், வேலை செய்யும்போது 250 வோல்ட். பேனல், மின்வாரியம், பேட்டரி மூன்றையும் சேர்த்தாளும் 5 கிலோவாட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், அதனுடன் 51.2 வோல்ட், 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்று. இரண்டரை யூனிட் மட்டுமே கொள்ளும் இது, சுவரில் மாட்டிய சூட்கேஸ் அளவில்தான் இருக்கிறது. இரவு முழுவதும் ஏ.சி. ஓட்ட இது போதாது, அதற்காக வாங்கவும் இல்லை. மேகம் கடக்கும் சில நிமிடங்களைத் தாண்டி வைப்பதே அதன் வேலை. இன்வெர்ட்டரில் முன்னுரிமையை இப்படி அமைத்தேன்: முதலில் வெயில், போதாததற்கு மின்வாரியம், மின்வாரியமும் இல்லாவிட்டால் பேட்டரி. இதனால் பேட்டரி பெரும்பாலான நேரம் நிறைந்தே நிற்கிறது. அந்த வகை பேட்டரியை எப்போதும் 100 விழுக்காட்டில் வைத்திருப்பது அதன் ஆயுளுக்கு நல்லதில்லை என்பதால் 90இல் நிறுத்தும்படி வரம்பு போட்டேன்.

கிளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தபோது ஏ.சி.யின் நடத்தை தெளிவாகத் தெரிந்தது. சூடான அறையில் போட்டதும் மெதுவாக ஏறி 6.5 ஆம்பியரில் நின்றது. அறை குளிர்ந்து, கேட்ட வெப்பநிலைக்கு அருகில் வந்ததும் 2 ஆம்பியருக்கு இறங்கி அங்கேயே ஓடியது. முதல் நிலையில் 1,500 வாட், இரண்டாம் நிலையில் 500க்கும் கீழே. மேகத்தால் 3,240 வாட் பேனல் ஐந்தில் ஒன்றாகச் சரிந்தால்கூட இரண்டாம் நிலைக்குப் பேனலே ஏறக்குறையப் போதும். ஆபத்து முதல் நிலையில்தான் இருக்கிறது. இந்த ஏ.சி.யின் ரிமோட்டில் திறனை 40, 60, 80 விழுக்காடாகக் கட்டுப்படுத்தும் பொத்தான் உண்டு. விளம்பரத்தில் பெருமையாகச் சொல்லிவிட்டு யாரும் தொடாத பொத்தான் அது. மேகம் ஓடும் நாளில் 60இல் தொடங்குங்கள் என்று மாமாவிடம் சொன்னேன். அறை குளிரக் கூடுதல் நேரம் எடுத்தாலும் எதுவும் அறுவதில்லை.

நேரத்தையும் மாற்றினோம். வழக்கமாக மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏ.சி. போடுவார்கள். அதற்குள் கூரை கொதித்து, அந்தச் சூடு இரவு 9 மணிவரை அறைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும். இப்போது காலை 10 மணிக்கே 24இல் போட்டு மாலை 4 வரை விடுகிறார்கள். சுவரும் தரையும் கட்டிலும் குளிர்ந்துவிடுவதால், வெயில் இறங்கிய பிறகு மின்விசிறியே போதுமாக இருக்கிறது. அந்த அறைக்கு மேலே உள்ள கூரையில்தான் புதிய ஆறு பேனல்களையும் ஓர் அடி உயரத்தில் நிறுத்தினேன். அவற்றின் நிழல் கான்கிரீட்டின் மேல் விழுவதும், அடியில் காற்று ஓடுவதும் ஏ.சி.யின் சுமையை மதியத்தில் குறைக்கின்றன. பேனல் சட்டத்தைக் கூரையோடு ஒட்டிப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் இந்த இலவசமான பலனைக் கெடுத்துவிடுகிறார்கள்.

மின்வாரியத்தின் இரு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். கோடையில் இந்த வீடு அந்தக் கோட்டைத் தாண்டாத நாளில்லை. இந்தச் சித்திரை, வைகாசிக் கணக்கில் தாண்டவில்லை.

ஒரு தொல்லை மிச்சம் இருந்தது. தோப்பு அணில்கள் பேனலுக்குக் கீழே ஓடும் கம்பியின் உறையைக் கொறிக்கின்றன. கம்பிகளைத் தளர்வாகத் தொங்கவிடாமல் கெட்டியான குழாய்க்குள் செலுத்தி, குழாய் வாய்களை எஃகு வலையால் அடைத்திருக்கிறேன். இணைப்பு முனைகளை ஒரே நிறுவனத்தின் ஜோடியாக வாங்கி, உரிய இடுக்கியால் நசுக்கி, ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினேன். தளர்ந்த முனைதான் கூரையில் முதலில் சூடேறும்.

பக்கத்து அறைக்கும் ஓர் ஏ.சி. வேண்டும் என்று இப்போது அத்தை கேட்டிருக்கிறார். பேனலைக் கூட்டாமலே செய்து தரலாம் என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு கம்ப்ரஸரும் ஒரே நேரத்தில் ஓடாதபடி நடுவில் ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்து, காலையில் பெரியவர்கள் அறை, பகல் ஒரு மணிக்கு மேல் பிள்ளைகள் அறை என்று பிரிக்கப் போகிறேன். அதற்கு முன் அந்த அறையின் கூரைக்கு வெள்ளைக் குளிர்ச்சிப் பூச்சு இரண்டு கை அடித்துவிடச் சொன்னேன். ஆட்களிடம் பேசிவிட்டதாக மாமா சொன்னார்.